எம்மெட் சோப்கோவின் நாற்பத்தொரு நாட்கள்

என் தம்பி எம்மெட் சோப்கோ பேஸ்பாலின் பெரிய லீக்கில் நாற்பத்தொரு நாள் இருந்தான். நாற்பத்து மூன்று நாள் இருந்தவனுக்கு ஓய்வூதியம் உண்டு. ஒரு நாள் குறைந்தாலும் கிடையாது.

போன மார்ச்சில் அவனை அடக்கம் செய்தோம். எங்கள் ஊர்ப் பத்திரிகை இரங்கல் குறிப்பில் ‘பெரிய லீக்கிலும் சில காலம் ஆடியவர்’ என்று போட்டது. அந்த ‘சில காலம்’ என்ற சொல்லைப் படித்த நாளிலிருந்து எனக்கு எரிகிறது. மூன்று வருஷங்களில், ஐந்து துண்டுகளாக, ஆறு, பதினொன்று, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று என்று சேர்ந்த நாட்கள் அவை. அவனுக்கு ஒவ்வொன்றின் தேதியும் மனப்பாடம். எனக்கும்தான்.

எம்மெட் பிட்சர். பந்தெறிவதுதான் வேலை. கிளப்புகள் முறைவைத்துப் புதுப் பையன்களைப் பொறுக்கும் தேர்வில், அரசுக் கல்லூரியிலிருந்து முப்பத்தோராவது சுற்றில் அவனை எடுத்தார்கள். அந்தச் சுற்றில் எடுக்கப்படுகிறவனை யாரும் நட்சத்திரமாக்க எடுப்பதில்லை. நட்சத்திரமாகப் போகிற பையன்களோடு சேர்ந்து ஆட ஒன்பது பேர் வேண்டுமே, அதற்காக எடுப்பார்கள். அவனுக்கு அது தெரியும். “நான் மேஜைக்கு நாலாவது கால், அக்கா. மேஜை மேல என்ன வெக்கிறாங்கன்னு நான் கேக்கக் கூடாது” என்பான். பன்னிரண்டு வருஷம் சின்ன லீக்குகளில் பஸ்ஸில் போனான். குளிர்காலத்தில் பென்சில்வேனியாவுக்குத் திரும்பி வந்து கூரை வேலை செய்தான். இடையில் ஒரு கல்யாணமும் நடந்தது. நாலு வருஷம் அந்த பஸ்ஸைப் பொறுத்துக்கொண்ட பிறகு அந்தப் பெண் போய்விட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

அவனுடைய கிளப், பெரிய லீக்கில் தொடர்ந்து நான்கு வருஷம் கடைசி இடத்தில் கிடந்தது. பிறகு கார்லண்ட் என்று ஒருவரை அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். முப்பத்தோரு வயது, பொருளாதாரம் படித்தவர், வாழ்க்கையில் பேஸ்பால் ஆடியவர் இல்லை. அவர் ஒரு திட்டம் போட்டார். பெரிய விலைக்கு ஆட்களை வாங்குவதில்லை, வளர்ப்பது. முதலில் பிட்சர்கள், பிறகு மற்றவர்கள். இருபது, இருபத்தொரு வயதில் ஆறு நல்ல கைகளைச் சேர்த்தார். அவற்றில் முதல் கை டேரியெல் என்கிற டொமினிக்கன் பையனுடையது. பதினாறு வயதில் ஒப்பந்தம் போட்டவன்.

திட்டம் தப்பானதென்று நான் சொல்லவில்லை. நல்ல திட்டம், பலித்தது, இரண்டு வருஷம் கழித்துக் கோப்பையும் வாங்கினார்கள். பத்திரிகைகள் கார்லண்டைப் புகழ்ந்து எழுதியதெல்லாம் நான் படித்தேன். அவற்றில் எதிலும் எழுதாத ஒன்று இருக்கிறது. ஆறு இளம் கைகள் பழுக்கும்வரை அவற்றின் மேல் வெயில் படாமல் நிழல் பிடிக்க இன்னும் பதினைந்து கைகள் வேண்டும். அந்தப் பதினைந்து கைகளுக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

டேரியெல் ஏப்ரலிலேயே தயார். ஆனால் அவனை மே கடைசிவரை கீழே, சின்ன லீக்கிலேயே வைத்திருந்தார்கள். அவன் சில வாரம் தாமதமாக மேலே வந்தால், ஒப்பந்தக் கணக்கில் இன்னும் ஒரு வருஷம் கிளப்பின் பிடியில் இருப்பான். அப்படி வெளியே சொல்ல முடியுமா? மெதுவாகத் தட்டிவிடும் பந்தை ஓடிப்போய் எடுக்கப் பையன் இன்னும் பழக வேண்டும் என்று சொன்னார்கள். அந்த வாரங்களில் அவனுடைய இடத்தைக் காலியாக விடாமல் உட்கார்ந்திருந்தவன் எம்மெட். அவனுடைய பன்னிரண்டு நாள் துண்டு அப்படிக் கிடைத்ததுதான்.

“பையன் பந்து பொறுக்கப் பழகறானாம் அக்கா” என்று போனில் சிரித்தான். “போன மாசம் வரைக்கும் நல்லா பொறுக்கிக்கிட்டு இருந்தான். தேதி தாண்டட்டும், ஒரே ராத்திரியில திரும்ப வந்துடும் பாரு.”

“உனக்கு எத்தனை நாள் ஆச்சுடா?”

“முப்பத்தெட்டு. இன்னும் அஞ்சு. அஞ்சு நாள் நான் கழுத்தை நீட்டிக்கிட்டே நிப்பேன், கவலைப்படாதே.”

டேரியெல் மேலே வந்ததும் இவன் கீழே போனான். ஆகஸ்டில் யாருக்கோ இடுப்புப் பிடித்துக்கொண்டதால் மறுபடி மூன்று நாளைக்குக் கூப்பிட்டார்கள். மூன்றாவது நாள், அதாவது அவனுடைய நாற்பத்தொன்றாவது நாள், ஒரு வியாழக்கிழமை பகல் ஆட்டம்.

அன்று முதலில் எறிந்தது டேரியெல். அவனுக்கு வாய்க்கவில்லை. முதல் இன்னிங்ஸிலேயே ஆறு ரன் கொடுத்தான். ஒரே இன்னிங்ஸில் முப்பது பந்துக்கு மேல் அவனை எறிய விடக் கூடாது என்று கார்லண்டின் உத்தரவு. முப்பதாவது பந்து முடிந்ததும் மேனேஜர் ஆர்கட் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டு எம்மெட்டைக் கூப்பிட்டார். மற்ற பிட்சர்கள் எல்லோரும் முந்தின இரவு வழக்கமான ஒன்பதைத் தாண்டிப் பதினான்கு இன்னிங்ஸ் ஆடிக் களைத்திருந்தார்கள். யாராவது ஒருவன் ஆட்டத்தின் மிச்சத்தைத் தின்ன வேண்டும். தோற்றுப்போன ஆட்டத்தில் ஒருவன் தின்னும் ஒவ்வொரு இன்னிங்ஸும் மற்றவர்களின் கைக்கு ஒரு நாள் ஓய்வு.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எப்போதும் இருபது பந்து எறிகிறவன் ஒரு நாள் எழுபது, எண்பது எறிந்தால் நாலைந்து நாளைக்கு அவனால் கிளப்புக்குப் பயனில்லை. ஆகவே மறுநாள் காலையில் அவனைக் கீழே அனுப்பிவிட்டுக் களைக்காத ஒரு கையை மேலே கொண்டுவருவார்கள். கீழே போனவன் பத்து நாளைக்குத் திரும்ப முடியாது. எல்லா கிளப்பிலும் இதுதான் நடைமுறை, யாருக்கும் இதில் வெட்கம் கிடையாது. உடம்பைக் கொடுத்து வேலை செய்தவனுக்குக் கூலி, மறுநாள் காலை விமான டிக்கெட். இப்படி ஒரு தொழில் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது?

எம்மெட்டுக்கு இது தெரியாதா? மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்து உட்கார்ந்தபோது தெரியும். நாலாவது முடிந்தபோது இன்னும் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் ஆர்கட் பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிக்கொண்டு கேட்பார்.

“இன்னொண்ணு போடறியாப்பா?”

“போடறேன் தலைவரே.”

ஆறாவது இன்னிங்ஸில் அவன் பந்து திடீரென்று வேகம் குறைந்தது. ஆர்கட் பந்தெறியும் மேட்டுக்கு நடந்து வந்தார்.

“கை எப்படி?”

“நல்லாருக்கு.”

“முகம் அப்படிச் சொல்லலியே.”

“என் முகம் பொறந்ததுலேருந்து இப்படித்தான் தலைவரே. அம்மாவே புகார் பண்ணாங்க.”

ஆர்கட் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார். எம்மெட் ஏழாவது இன்னிங்ஸையும் முடித்தான். எண்பத்தேழு பந்து. அன்று மாலை எனக்குப் போன் செய்தான். நான் அப்போதுதான் அடுப்பிலிருந்து முட்டைக்கோஸ் உருண்டைகளை இறக்கிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, ஃபோர்க்கைப் புடிக்க முடியல. சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துக் கெடக்கு. டேரியெல்தான் பாட்டில் மூடியத் திறந்து குடுத்தான்.”

“டாக்டர்கிட்ட சொன்னியா?”

“சொல்லல. நீயும் யார்கிட்டயும் சொல்லாதே.”

“ஏண்டா?”

“முப்பத்து மூணு வயசு. கை வலிக்குதுன்னு ஒரு தடவை சொன்னா, எல்லா கிளப்புலயும் பேர் பக்கத்துல எழுதிடுவானுங்க. காலையில சரியாயிடும்.”

அவன் செய்த தப்பு எனக்குப் பிறகுதான் விளங்கியது. பெரிய லீக்கில் இருக்கும்போது காயம்பட்டவனைக் கீழே அனுப்பக் கூடாது. அது ஒப்பந்த விதி. காயம்பட்டோர் பட்டியலில் சேர்த்து, குணமாகும்வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும். அந்த நாட்கள் அத்தனையும் கணக்கில் சேரும். அன்று மாலை ‘வலிக்கிறது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாற்பத்து மூன்று மட்டுமல்ல, அந்தப் பருவம் முடியும்வரை சேர்ந்து நூறை நெருங்கியிருக்கும். விதி அவனுக்கும் தெரியும். ஆனாலும் பத்து வயதிலிருந்து அவனுக்குக் கற்றுக் கொடுத்திருந்த பதில் ஒன்றே ஒன்றுதான்: நல்லாருக்கு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவனைக் கார்லண்டின் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு கையில் டோனட்டோடு போனானாம். சுவரில் பெரிய வெள்ளைப் பலகை. கிளப்பின் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒவ்வொரு காந்த அட்டை. அட்டையில் பெயர், அதன் கீழே பெரிய லீக்கில் எத்தனை நாள் என்ற எண். அவனுடைய அட்டையில் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்ததை அவன் கண்ணால் பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார்லண்ட் அதை எடுத்துக் கீழ் வரிசையில் ஒட்டினார்.

“நேத்து பிரமாதம், எம்மெட். பெரிய உதவி. செப்டம்பர்ல பார்க்கலாம்.”

“பார்க்கலாம் சார்.”

ஓய்வூதியம் லீக்கின் பொது நிதியிலிருந்து வருவது. இரண்டு நாள் அதிகம் வைத்திருந்தால் கார்லண்டின் கிளப்புக்கு ஒரு சென்ட் நஷ்டமில்லை. அவர்கள் வேண்டுமென்று கெடுதல் செய்திருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். எண் எதிரே எழுதியிருந்தது. யாரும் அதை ஒரு மனிதனுடைய எண்ணாகப் படிக்கவில்லை. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அறையை விட்டு வெளியே வந்ததும் மருத்துவ உதவியாளர் ஒரு தாளை நீட்டினார். ‘இன்று எனக்கு உடலில் எந்தக் குறையும் இல்லை.’ கீழே அனுப்பப்படும் ஒவ்வொருவரும் போட வேண்டிய கையெழுத்து. விமான டிக்கெட்டும் அதே கையில் இருந்தது. எம்மெட் டோனட்டை வாயில் கவ்விக்கொண்டு கையெழுத்துப் போட்டான். இடது கையால் போட்டான். வலது கையால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. அதை உதவியாளர் கவனிக்கவில்லையா, கவனித்தும் பேசாமல் இருந்தாரா, எனக்குத் தெரியாது.

ஐந்து நாள் கழித்துச் சின்ன லீக் மைதானத்தில் ஏழாவது பந்தை எறிந்தபோது முழங்கைத் தசைநார் முழுக்க அறுந்தது.

ஆட்டக்காரர்கள் சங்கத்தின் வக்கீல் ஹெலீன் கர்ட்ஸ் தாமாகவே போன் செய்தார். இது வியாழக்கிழமையே கிழிந்த காயம், வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம் என்றார். எம்மெட்டுக்கு இஷ்டமில்லை. அறுவை சிகிச்சை முடிந்து என் வீட்டு மாடி அறையில் கட்டோடு படுத்திருந்தான்.

“கிளப்பு மேல கேஸ் போட்டவன்னு பேர் வந்தா அப்புறம் எவன் கூப்பிடுவான்?”

“இப்ப எவன் கூப்பிடறான்? வாசல்ல கியூ நிக்குதா?”

“அக்கா, நீ பள்ளிக்கூடத்துல பேசற மாதிரி பேசாதே.”

“கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத பையன்கிட்ட அப்படித்தாண்டா பேச முடியும்.”

கடைசியில் ஒப்புக்கொண்டான். டேரியெல் சாட்சி சொல்ல வருவதாகத் தானே சொல்லியனுப்பினான். எம்மெட் வேண்டாமென்றான், அது பையனின் ஒப்பந்தம் பேசும் நேரம். ஆகவே எங்களுக்கு இருந்த சாட்சி இரண்டு பேர்தான். போனில் கேட்ட நான், எறிந்த அவன்.

விசாரணை அடுத்த வருஷம் நவம்பரில் பிட்ஸ்பர்க்கில், ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில். அதற்குள் கை ஓரளவு குணமாகி, பந்தெறியத் தொடங்கியிருந்தான். நீள மேஜைக்கு ஒரு பக்கம் நாங்கள். எதிர்ப்பக்கம் கார்லண்ட், ஆர்கட், கிளப்பின் வக்கீல். மேஜையின் முனையில் வழக்கைத் தீர்க்கும் நடுவர். முதலில் என்னைக் கேட்டார்கள். அந்த மாலை அவன் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். ஃபோர்க், இரண்டு விரல், பாட்டில் மூடி. நடுவர் எழுதிக்கொண்டார். ஹெலீன் மேஜைக்கடியில் என் கையை அழுத்தினார்.

பிறகு எம்மெட். கிளப்பின் வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை.

“ஆறாவது இன்னிங்ஸ்ல உங்க மேனேஜர் மேட்டுக்கு வந்து கை எப்படின்னு கேட்டாரா?”

“கேட்டார்.”

“என்ன சொன்னீங்க?”

“நல்லாருக்குன்னேன்.”

“அது பொய்யா?”

வக்கீல் பதிலுக்கு நிற்காமல் தொடர்ந்தார். “நான் ஏன் கேக்கறேன்னா, உங்க பின்னாடி ஏழு பேர் நின்னாங்க. கை போயிடுச்சுன்னு தெரிஞ்சும் அவங்க ஏழு பேரையும், உங்கள நம்பி வந்து கேட்ட இவரையும் ஏமாத்திட்டு நீங்க பந்து போட்டீங்களா?”

எம்மெட்டின் காது சிவந்தது. எதிரே ஆர்கட் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் யாரையும் ஏமாத்தினதில்ல.”

“அப்ப நீங்க சொன்னது உண்மை.”

“ஆமா.”

“கை நல்லாருந்துச்சு.”

“...நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்ப உங்க அக்கா சொன்னது?”

“அக்கா சின்ன வயசுலேருந்தே என் விஷயத்துல எல்லாத்தையும் கொஞ்சம் பெரிசா எடுத்துக்குவாங்க.”

மேஜையைச் சுற்றி மெதுவாகச் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான். ஹெலீன் தன் முன்னாலிருந்த கோப்பை மூடிவைத்தார். எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது, இருபத்தைந்து வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள், ஒரு அறை நிறைய ஆண்களுக்கு முன்னால் நான் பொய்க்காரி ஆனேன். ஆக்கியவன் யாருக்காக நான் அங்கே போனேனோ அவன்.

வெளியே நடைக்கூடத்தில் ஆர்கட் வந்து அவன் தோளில் கைபோட்டார். “நீ உண்மையான ஆட்டக்காரன்டா.” கார்லண்டும் கைகொடுத்தார். “பிப்ரவரியில பயிற்சி கேம்ப்ல பார்க்கலாம், எம்மெட்.” நான் கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு ஐந்து மணி நேரப் பயணம். நான்தான் ஓட்டினேன். அவன் பேசிக்கொண்டே வந்தான்.

“கேம்புக்குக் கூப்பிட்டார் அக்கா, கேட்டியா? கார்லண்டே சொன்னார்.”

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

“கேம்புலேருந்து மேல வந்தா ரெண்டு நாள் என்ன, ரெண்டு மாசமே கெடைக்கும். எதுக்குக் கேஸு?”

“எம்மெட், வாயை மூடிட்டு வா.”

“கோவமா?”

“வாயை மூடு.”

டிசம்பரில் எங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது, ஒரே பக்கம். விளையாட்டு வீரரின் சொந்த வாக்குமூலத்தின்படி, என்று தொடங்கியது. மேல்முறையீடு கிடையாது.

எம்மெட் குளிர்காலம் முழுக்க எங்கள் பள்ளி ஜிம்மில் சுவரைப் பார்த்துப் பந்தெறிந்தான். பிப்ரவரி பதினான்காம் தேதி கேம்ப் திறந்தது. எந்தக் கடிதமும் வரவில்லை. பதினாறாம் தேதி அவனே கிளப்புக்குப் போன் செய்தான். நான் சமையலறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எடுத்த பெண் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னாள். சொன்னான். காத்திருந்தான். மறுபடி ஒருமுறை எழுத்தெழுத்தாகச் சொன்னான். அந்தப் பெயரில் யாருக்கும் அழைப்பில்லை என்றாள். கார்லண்ட் சார் கூட்டத்தில் இருக்கிறார். நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். என் சிவப்புப் பேனாவைப் பார்த்தான்.

“வலிச்சுது அக்கா.”

நான் நிமிரவில்லை.

“அஞ்சாவது இன்னிங்ஸ்ல. ஐம்பத்திரெண்டாவது பந்து. இடது கை ஆட்டக்காரன், வளைச்சுப் போட்டேன். உள்ள ஏதோ ரப்பர் பேண்ட் அறுந்த மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் போட்ட ஒவ்வொரு பந்துக்கும் தோள்பட்டை வரைக்கும் தீ. முப்பத்தஞ்சு பந்து. எண்ணிக்கிட்டேதான் போட்டேன்.”

அவன் அதை மெதுவாக, தவறில்லாமல், நடுவர் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய மாதிரியே சொன்னான். ஒவ்வொரு பந்தாகச் சொன்னான். எந்த ஆட்டக்காரன், எந்த வகைப் பந்து, எந்த விரல் எப்போது மரத்தது. நான் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டேன். எண்பத்தேழாவது பந்துவரை முழுக்கச் சொல்லி முடித்தான். அந்தச் சமையலறையில் அதைக் கேட்க இருந்தது நான் ஒருத்திதான். என்னிடம் கொடுக்க அந்த இரண்டு நாள் இல்லை.